தனிக்கொட்டடிக்கு ஒரு கடைசி நாள் வேண்டும்

அம்பத்தூர்க்காரர்களுக்கு இரண்டு பக்கமும் சிறை. கள்ளிக்குப்பம், சூரப்பட்டு வழியாக வடக்கே போனால் புழல். திருவேற்காடு வழியாகத் தெற்கே இறங்கினால் பூந்தமல்லி கிளைச்சிறை, வெடிகுண்டு வழக்குகளுக்கான தனி நீதிமன்றம். இந்த வட்டாரத்தில் மனை விலை பேசுகிறோம், மெட்ரோ எப்போது வரும் என்று பேசுகிறோம், பருத்திப்பட்டு ஏரி நிரம்பியதா என்று விசாரிக்கிறோம். அந்தச் சுவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் பேசுவதில்லை. பேசினால், ஏதாவது ஒரு கொடூரமான கொலைச் செய்தி வந்த மறுநாளாக இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் எங்கள் தெரு டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "இவனையெல்லாம் தூக்குல கூடப் போட வேணாம் சார். ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிடணும். சாகிற வரைக்கும் மனுஷ மூஞ்சியே பாக்கக் கூடாது." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர் கெட்டவர் இல்லை. மழை வெள்ளத்தில் தெருவுக்கே சோறு ஆக்கிப் போட்டவர். அவர் கேட்டது பழிவாங்கும் வெறியில் மட்டும் வந்ததென்றும் நான் நினைக்கவில்லை. தூக்கைவிட இது மென்மையானது, யாரையும் அடிக்கவில்லை, கொல்லவில்லை, பூட்டி வைக்கிறோம், அவ்வளவுதானே என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அந்த "அவ்வளவுதானே" பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் நம் ஊர் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் வருகிற ஊர். அவரோடு பணியிலிருந்த காவலர்களும், அவரைப் பார்க்க வந்திருந்த சாதாரண மக்களும் செத்தார்கள். அந்தக் குடும்பங்களை மறந்துவிட்டு இந்தப் பேச்சைத் தொடங்குவது நியாயமில்லை. வழக்கு தடா சட்டத்தின் கீழ் நடந்தது. விசாரணை பூந்தமல்லியில், பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் கதவு மூடிய நீதிமன்றத்தில். 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி நவநீதம் தீர்ப்பளித்தார்: குற்றம் சாட்டப்பட்டு நின்ற 26 பேருக்கும் தூக்கு.

அடுத்த ஆண்டு மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 26 பேரில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. சிறு குற்றங்களுக்காக அவர்களுக்குக் கிடைத்த தண்டனையை ஏற்கெனவே அனுபவித்து முடித்திருந்தார்கள். மூன்று பேருக்கு ஆயுள். நான்கு பேருக்குத் தூக்கு உறுதியானது. அதாவது பூந்தமல்லித் தீர்ப்புக்குப் பிறகு பதினைந்து மாதம், கொலையில் பங்கில்லை என்று பின்னால் தெரியவந்த 19 பேர் தூக்குத் தண்டனைக் கைதிகளாக வாழ்ந்தார்கள். "மனுஷ மூஞ்சியே பாக்கக் கூடாது" என்ற டீக்கடைத் தீர்ப்பு அன்றைக்குச் சட்டமாக இருந்திருந்தால் முதலில் அதற்குள் போயிருப்பவர்கள் இவர்கள்தான்.

பேரறிவாளன் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 19 வயதில் 1991 ஜூன் 11 அன்று பிடிபட்டார். இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், அதைச் சொன்னது சொன்னபடி எழுதவில்லை என்று 2013இல் வெளிப்படையாகவே சொன்னார். 1998 ஜனவரியிலிருந்து 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கும்வரை, பதினாறு ஆண்டுகள் பேரறிவாளன் தூக்குக் கயிற்றின் கீழ் இருந்தார். நடுவில், 2011 செப்டம்பர் 9 என்று நாளே குறித்துவிட்டார்கள். வேலூர் சிறையில் ஏற்பாடுகள் நடந்தன. பத்து நாள் முன்னால் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. தனிமைச் சிறையில் கழித்த ஆண்டுகளைப் பற்றி அவரும், அவர் அம்மா அற்புதம்மாளும் மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இருந்துகொண்டே அவர் படித்தார், பட்டம் வாங்கினார், 'தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்' எழுதினார். இதைச் சொன்னால் "பாருங்க, ஒன்னும் ஆகலையே" என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு தாய் முப்பத்தோரு ஆண்டு விடாமல் மனு போட்டுப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படி ஒரு தாய் எல்லாக் கைதிக்கும் வாய்ப்பதில்லை.

இவ்வளவு நடந்தது சட்டத்தில் இடம் இருந்ததாலா? இல்லை. எனக்கு இதில் ஆத்திரம் வருகிற இடம் இதுதான்.

1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 73வது பிரிவு தனிமைச் சிறையை அனுமதிக்கிறது. ஆனால் அதை விதிக்கக்கூடியவர் நீதிபதி மட்டும், அதுவும் கடுங்காவல் தண்டனையின் ஒரு பகுதியாக. எவ்வளவு பெரிய தண்டனையானாலும் மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. 74வது பிரிவு இன்னும் இறுக்குகிறது: ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, அதே அளவு இடைவெளி விட்டுத்தான் மறுபடி வைக்கலாம், தண்டனை மூன்று மாதத்தைத் தாண்டினால் ஒரு மாதத்துக்கு ஏழு நாள்தான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 11, 12 என்று எண் மட்டும் மாறி அப்படியே நிற்கின்றன. 1894இன் சிறைச் சட்டத்தில் 29வது பிரிவு என்று ஒன்று உண்டு. சிறை அதிகாரியை எந்நேரமும் கூப்பிட வழியில்லாத அறையில் யாரையும் தனியே வைக்கக் கூடாது; 24 மணி நேரத்துக்கு மேல் தனியறையில் இருக்கிறவரைத் தினம் ஒரு தடவையாவது மருத்துவர் தரப்பிலிருந்து யாராவது பார்க்க வேண்டும். தண்டனையாக வைத்தாலும் சரி, வேறு காரணத்துக்காக வைத்தாலும் சரி என்று அந்தப் பிரிவே சொல்கிறது. நம்மை ஆள வந்தவன், நம் மேல் துளி இரக்கமில்லாத காலத்தில் எழுதியது இது. அவனுக்குக்கூட ஒரு மனிதனைத் தனியே பூட்டினால் என்ன ஆகும் என்பது தெரிந்திருந்தது.

சுதந்திர இந்தியாவில் பெரிய தீர்ப்பு 1978 ஆகஸ்டில் வந்தது. திகார் சிறையில் தூக்குத் தண்டனை பெற்று, தனியறையில் அடைக்கப்பட்டிருந்த சுனில் பத்ரா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவரோடு, கால்விலங்கு மாட்டப்பட்டிருந்த சார்லஸ் சோப்ராஜும். இருவருக்கும் ஊரில் ஒரு சொட்டு அனுதாபம் கிடையாது. ஐந்து நீதிபதிகள் கேட்டார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை தேசாய் எழுத, கிருஷ்ணய்யர் தனியாக ஒரு நீண்ட தீர்ப்பு எழுதினார். பாலக்காட்டில் பிறந்து தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர். 1948இல் தானே சிறைக்குப் போய் வந்தவர். தூக்குக் கைதி என்றால் மேல்முறையீடு, கருணை மனு எல்லாம் முடிந்து இனி எதுவுமே மிச்சமில்லை என்ற நிலைக்கு வந்தவர் மட்டுமே என்று நீதிமன்றம் சொன்னது. அதுவரை அவரைத் தனியே பிரிக்கக் கூடாது. அதற்குப் பிறகும் பிரித்து வைப்பது வேறு, பேச்சுத்துணையே இல்லாமல் ஒதுக்குவது வேறு.

இந்தத் தீர்ப்பு வந்த இருபதாவது ஆண்டில்தான் பூந்தமல்லித் தீர்ப்பு. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு, கருணை மனு நிலுவையில் இருக்கும்போது தனிமையில் அடைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே முப்பத்தைந்து ஆண்டு நிலவரம் தெரிந்துவிடுகிறது.

இது எப்படிச் சாத்தியமாகிறது? பெயரை மாற்றினால் போதும். தனிமைச் சிறை என்றால் நீதிபதி வேண்டும், நாள் கணக்கு வேண்டும். "பாதுகாப்பு காரணங்களுக்காக" என்றால் எதுவும் வேண்டாம். உயர் பாதுகாப்புத் தொகுதி என்பார்கள். நாக்பூரில் அண்டா செல் என்பார்கள். பேராசிரியர் சாய்பாபா சக்கர நாற்காலியோடு அந்த அண்டா செல்லில் ஆண்டுக்கணக்கில் இருந்தார். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது; அக்டோபரில் இறந்துபோனார். தண்டனைக்கு முடிவு நாள் உண்டு. பாதுகாப்புக்கு முடிவு நாள் இல்லை.

இதுவரை நான் சொன்னதில் நிரபராதிகளும் சந்தேகத்துக்குரிய வழக்கில் சிக்கியவர்களும்தான் வந்திருக்கிறார்கள். அது சுலபமான வழி. நிஜமாகவே கொன்றவன், உள்ளே வந்தும் அடிக்கிறவன், அவனை என்ன செய்வது?

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற சிறைக்காவலர் ஒருவர் இருக்கிறார். இந்தப் பேச்சை எடுத்தபோது என்னை முழுதாகப் பேச விட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, நீங்க படிச்சிட்டுப் பேசறீங்க. நான் அவன் முன்னாடி சாவிக்கொத்தோட நின்னவன். பிளேடைத் துண்டாக்கி வாய்க்குள்ள வச்சிருப்பான். வெளிய விட்டா அடுத்தவனைக் கிழிப்பான். உள்ள வச்சா எங்க மேல மலத்தை வீசுவான். எனக்கும் வீட்ல பொண்டாட்டி புள்ள இருக்குல்ல?"

இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் எதுவும் இருக்கவில்லை, இருக்கவும் கூடாது. 1999 நவம்பர் 17 அன்று, சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்தில் இருந்த பழைய மத்திய சிறையில், 'பாக்ஸர்' வடிவேலு என்ற கைதியின் சாவையொட்டிக் கலவரம் வெடித்தது. துணை ஜெயிலர் ஒருவரைக் கைதிகள் கொன்றார்கள். போலீஸ் சுட்டதில் கைதிகள் பலர் செத்தார்கள். 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்திய சிறையில் ஒரு விசாரணைக் கைதியைச் சக கைதிகளே அடித்துக் கொன்றார்கள். அவரைச் சரியான நேரத்தில் வேறிடத்தில் வைத்திருந்தால் பிழைத்திருப்பார். ஆகவே யாரையும் எப்போதும் பிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருவன் கை ஓங்கி நிற்கும்போது அவனை அந்த இடத்திலிருந்து அகற்றுவது காவலருடைய உரிமை, கடமையும்கூட.

ஆனால் அகற்றுவது ஒரு காரியம். அகற்றிய பிறகு அவனோடு யாரும் பேசாமல், வேலை கொடுக்காமல், எப்போது முடியும் என்று சொல்லாமல் வைத்திருப்பது இன்னொரு காரியம். முதலாவது காவலரைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது யாரைக் காப்பாற்றுகிறது என்று எனக்கு யாரும் விளக்கியதில்லை. காவலருக்கும் கைதிக்கும் நடுவில் கம்பி இருந்தால் போதும். அதே கம்பி வழியாகப் பேசினால் காவலருக்கு என்ன ஆபத்து? புத்தகம் கொடுத்தால், ரேடியோ கொடுத்தால், வாரம் ஒருமுறை அவன் அம்மாவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தால், யாருக்கு என்ன குறைந்துபோகும்?

தனிமை ஒருவனை என்ன செய்கிறது என்பது யூகம் இல்லை. 1829இல் ஃபிலடெல்ஃபியாவில் திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில், நல்ல மனதோடுதான் தனியறை கட்டினார்கள். அடி உதை வேண்டாம், தனியே இருந்து மனம் வருந்தித் திருந்தட்டும் என்ற குவேக்கர்களின் நம்பிக்கை அது. 1842இல் போய்ப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ் அதிர்ந்துபோய்க் கண்டித்து எழுதினார். அந்த முறையை 1913இல் அங்கேயே கைவிட்டார்கள். 1980களில் மனநல மருத்துவர் ஸ்டூவர்ட் கிராசியன் மசாசூசெட்ஸின் வால்போல் சிறையில் தனியறைக் கைதிகளைப் பரிசோதித்தார். இல்லாத குரல் கேட்பது, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு பதறுவது, யோசனை ஓரிடத்தில் நிற்காமல் சிதறுவது, அடக்க முடியாத வெறி என்று பலரிடமும் ஒரே மாதிரி அறிகுறிகள். நியூயார்க் நகரச் சிறைகளில் 2010இலிருந்து மூன்று ஆண்டுப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். உள்ளே வந்தவர்களில் தனியறைக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். ஆனால் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட சம்பவங்களில் பாதிக்கு மேல் அந்த ஏழு பேர் பங்கு.

"அடக்க முடியாத வெறி" என்பதை இன்னொரு தடவை படியுங்கள். வன்முறையாளன் என்று சொல்லித் தனியே போடுகிறோம். தனிமை அவனை இன்னும் வெறியனாக்குகிறது. அந்த வெறியைக் காட்டி இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கிறோம். என் நண்பரான அந்தக் காவலர் மேல் மலத்தை வீசியவன் உள்ளே போன முதல் நாளே அப்படி இருந்தானா என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்ல தம்பி, ஒரு ரெண்டு மூணு மாசம் ஆச்சு" என்றார்.

கொலை செய்ததில் சந்தேகமே இல்லாத ஒருவனை நார்வே எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்கலாம். 2011இல் 77 பேரைக் கொன்ற பிரெய்விக் அன்றிலிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருக்கிறான். தன்னைத் தனிமைப்படுத்துவது மனிதத்தன்மையற்றது என்று அவன் வழக்குப் போட்டான். 2016இல் கீழ் நீதிமன்றம் அவன் பக்கம் சொன்னது, அடுத்த ஆண்டு மேல் நீதிமன்றம் அதை மாற்றியது, 2024இலும் தோற்றான். எனக்கு முக்கியமாகப் படுவது அரசு தரப்பு அங்கே வாதாடிய விதம். "இவன் 77 பேரைக் கொன்றவன், இவனுக்கு என்ன கேடு" என்று அவர்கள் வாதாடவில்லை. சக கைதிகளிடமிருந்து பிரித்திருப்பதற்கு ஈடாக ஊழியர்களை அவனோடு பேச வைக்கிறோம், விளையாட வைக்கிறோம், உடற்பயிற்சி, படிப்பு எல்லாம் கொடுத்திருக்கிறோம் என்று கணக்குக் காட்டினார்கள். பிரித்தவனுக்குப் பொறுப்பு கூடுகிறது என்று அந்த அரசு ஒப்புக்கொள்கிறது. நம்மிடம் பிரித்ததோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது.

"அந்தப் பசங்க மேல பரிதாபம் காட்டினா செத்தவங்களுக்கு என்ன மரியாதை?" இதுவும் அடிக்கடி கேட்கிற கேள்வி. 1993 ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். அந்த வழக்கில் நான்கு தமிழர்களுக்கு 2004இல் உச்ச நீதிமன்றம் ஆயுளைத் தூக்காக உயர்த்தியது. பெல்காம் ஹிண்டல்கா சிறையில் பத்தாண்டு அந்தக் கயிற்றுக்குக் கீழே இருந்தார்கள். மேலே சொன்ன 2014 ஜனவரித் தீர்ப்பில் தண்டனை குறைக்கப்பட்ட 15 பேரில் இந்த நால்வரும் உண்டு. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அரசு வேலை, உதவித்தொகை, நியாயமான விசாரணை எல்லாம் நாம் கடன்பட்டவை. ஒருவனுடைய புத்தி மெல்ல மெல்லக் கலங்குவதை அந்தக் குடும்பங்களுக்குக் காணிக்கையாகக் கொடுக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நீதிமன்றம் விதித்தது சிறை. புத்தி பேதலிப்பு எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவில்லை.

இன்னொன்று. அதிகாரம் கேள்வி கேட்பாரில்லாமல் ஒருவர் கையில் இருந்தால், அது வன்முறையாளன் மேல் மட்டும் பாயும் என்று நம்புவது தவறு. 2024இல் வேலூர் சிறை விவகாரம் நினைவிருக்கும். ஆயுள் கைதி ஒருவரை அதிகாரி வீட்டில் வேலைக்கு வைத்து, பணம் திருடினார் என்று சொல்லி அடித்து, 90 நாளுக்கும் மேல் தனியறையில் அடைத்தார்கள் என்று அவர் தாயார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் சிபிசிஐடி விசாரணைக்கு உத்தரவிட்டது; அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தக் கைதி யாரையும் சிறைக்குள் தாக்கியதாகப் புகாரே இல்லை. ஒரு தாய் வக்கீலைத் தேடிப் போனதால் வெளியே வந்தது. போகாத தாய்களுடைய பிள்ளைகள் எத்தனை பேர்?

உலக அளவில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். 2015 டிசம்பரில் ஐநா பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகள்: நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனிதத் தொடர்பில்லாமல் இருந்தால் அது தனிமைச் சிறை, 15 நாளைத் தாண்டினால் அது தடை செய்யப்பட்டது. முடிவு நாள் இல்லாததும் தடை. என்ன பெயர் வைத்தாலும், என்ன காரணம் சொன்னாலும், நடப்பதை வைத்துத்தான் கணக்கு. எனக்கு இந்த அளவுகோல் பிடித்திருக்கிறது, ஏனென்றால் "பாதுகாப்பு" என்று பலகை மாட்டித் தப்ப முடியாது.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. யாரையாவது பிரிக்கிறீர்களா, எழுத்தில் உத்தரவு போடுங்கள். என்ன காரணம், எந்தத் தேதிவரை என்று அதில் இருக்கட்டும். தேதி முடிந்தால் சிறைக்கு வெளியிலிருந்து ஒரு நீதிபதி வந்து, அவனை நேரில் பார்த்து, நீட்டிக்கலாமா என்று முடிவு செய்யட்டும். மனநோய் உள்ளவரை அந்த அறைக்குள் விடவே வேண்டாம். தினமும் மருத்துவர் பார்க்கட்டும். அது 1894லேயே சட்டம். அந்த அறைக்குள் இருக்கிறவனிடம் தினம் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருக்கட்டும்.

இதில் கடைசியாகச் சொன்னதுக்குத்தான் ஓய்வுபெற்ற காவலர் குரலை உயர்த்தினார். "ஆளை எங்க புடிப்பீங்க? ஒரு பிளாக்குக்கு ராத்திரி ரெண்டு பேர் நிப்போம். அதுல ஒருத்தன் லீவு." அவர் சொல்வது நியாயம். தனியறை இவ்வளவு சுலபமாகப் பழக்கமாகிவிட்டதற்குக் கொடூரத்தைவிட ஆள் பற்றாக்குறை பெரிய காரணமாக இருக்கலாம். பூட்டுக்குச் சம்பளம் இல்லை. மனநல ஆலோசகருக்கும் கூடுதல் காவலருக்கும் உண்டு. அப்படியென்றால் செலவு வேண்டாம் என்பதற்காக மனிதர்களைப் பைத்தியமாக்குகிறோம் என்று அரசு நேராகவே சொல்லிவிடட்டும்; பாதுகாப்பின் பெயரைச் சொல்ல வேண்டாம்.

அடுத்த முறை சட்டமன்றத்தில் சிறைத்துறை மானியக் கோரிக்கை வரும்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி உறுப்பினர்கள் மூவரில் யாராவது ஒருவர் எழுந்து கேட்கலாம்: தமிழ்நாட்டுச் சிறைகளில் இன்று 15 நாளுக்கு மேல் தனியறையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எழுத்துப்பூர்வமான உத்தரவு உள்ளவர்கள் எத்தனை பேர்? அந்த உத்தரவுகளில் கடைசி நாள் எழுதியிருக்கிறதா? மூன்று கேள்விதான். எங்கள் உறுப்பினருக்கு நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்கள் உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள். கடிதத்தின் நகல் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.